காங்கிரீட்டுக் கட்டடங்களும் மேற்பூச்சும்

நமது கிராமங்களில் முன்னாளில் மண்ணும் மரமும் செங்கல்லும் செய்துவந்த வேலைகளிற் பெரும்பாலானவற்றை இந்நாளில் காங்கிரீட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. நெல் உலர்த்தும் களம், மாட்டுத் தொழுவத்தின் தரை, மோட்டார் அறையின் மேல்தளம், கிணற்று உறை, வேலிக்கால், வாய்க்கால் மதகு, ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டி ஆகிய யாவும் சிமெண்டும் ஜல்லியும் கம்பியும் கொண்டே ஆக்கப்படுகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று வெடிப்புக் கண்டாலும் காரை உதிர்ந்தாலும், உடையவர் என்னை வழியில் நிறுத்திக் கேட்பது ஒரே கேள்விதான்: “இதற்கு மேலே என்ன பூசலாம்?” இலாகா உத்தியோகஸ்தன் ஒருவன் விதை முதல் வீடு வரை யாவும் அறிந்தவனாயிருப்பான் என்னும் நம்பிக்கையால் எழும் கேள்வி இது. பூச்சைப் பற்றி எனக்கு விரோதமான எண்ணம் ஏதும் இல்லை. ஆயினும் இக்கேள்வி பெரும்பாலும் கேட்கவேண்டிய காலத்திற்குப் பத்தாண்டு பிந்தியே கேட்கப்படுகிறது என்பதும், அப்பொழுது பூசும் பூச்சு நன்மையினும் தீமையே அதிகம் செய்யக்கூடும் என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

இவ்விஷயத்திற்குச் சென்னை நகரின் தென்பகுதியை உதாரணமாகக் கொள்வது பொருந்தும். மயிலாப்பூர், சாந்தோம், பட்டினப்பாக்கம், அடையாறு ஆகிய இடங்கள் கடலை அடுத்தவை. கடற்காற்று நுண்ணிய உப்புத் துளிகளைச் சுமந்து வந்து சுவர்களின்மேல் படிய வைக்கிறது. இவ்வுப்பு கரையோரத்தில் மிகுதியாகவும், உள்ளே செல்லச்செல்ல விரைவாகக் குறைந்தும் படியும். உள்நாட்டுக் கட்டடத்தில் பல்லாண்டு கழித்துத் தோன்றும் நோய் அங்கே சில ஆண்டுகளிலேயே தோன்றிவிடுகிறது. நாம் ஒரு புதிய ரகத்தை ஊரெங்கும் பரப்புமுன் சோதனைப் பாத்தியில் இட்டுப் பார்ப்பதுபோல, அக்கரையோரம் காங்கிரீட்டுக்கு ஒரு சோதனைப் பாத்தியாக அமைந்திருக்கிறது.

அப்பாத்தியில் விளைந்ததைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பட்டினப்பாக்கத்திலுள்ள பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஜன்னலின் மேலிருந்த சன்ஷேடு இடிந்து வீழ்ந்து, கீழே சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சன்ஷேடு என்பது மழைச்சாரலைத் தடுக்க வைத்த ஒரு சிறு பலகை. அதன் எடையால் ஓர் உயிர் போகும் என்று அதைக் கட்டிய நாளில் யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். நம் கிராமங்களில் பள்ளிக்கூடத்திலும், கூட்டுறவுச் சங்கக் கிடங்கிலும், நம் வீட்டுத் தாழ்வாரத்திலும் இத்தகைய பலகைகள் எத்தனை நிற்கின்றன என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

காங்கிரீட்டு ஏன் இவ்வாறு கெடுகிறது? சிமெண்டு நீருடன் கூடி இறுகும்பொழுது அதனுள் சுண்ணாம்புச் சத்து மிகுதியாய் உண்டாகிறது. அதனால் காங்கிரீட்டின் உட்புறம் கடுமையான காரத்தன்மை உடையதாயிருக்கும். நாம் மண்ணுக்குச் சொல்லும் கார அமில அளவில் அது 12க்கும் 13க்கும் இடைப்பட்டது. இக்காரத்தில் புதைந்த இரும்புக் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு ஒன்று படர்ந்து துருவைத் தடுத்துக்கொண்டிருக்கும். இவ்வேட்டைக் குலைப்பவை இரண்டு. ஒன்று காற்றிலுள்ள கரியமிலவாயு. அது நுண்துளைகள் வழியே புகுந்து சுண்ணாம்புடன் கூடி, காரத்தைச் சிறிதுசிறிதாக அழித்துக்கொண்டே உள்நோக்கிச் செல்லும். கார அளவு ஏறக்குறைய 9க்குக் கீழ் இறங்கியதும் கம்பிக்குக் காவல் போய்விடும். மற்றொன்று உப்பிலுள்ள குளோரைடு. அது காரம் குறையாதிருக்கும்பொழுதே ஏட்டைத் துளைத்துவிடும். பின்னர் ஈரமும் காற்றும் சேரத் துரு பிடிக்கிறது. துரு, தான் உண்ட இரும்பைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கொள்வது. உள்ளே இடமின்மையால் அது மேலிருக்கும் காங்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. கம்பி செல்லும் வழியே நேர்கோடாக வெடிப்பு விழுவதும், தட்டினால் ‘டொப்’பென்று ஒலிப்பதும், பின்னர்ப் பாளமாகப் பெயர்வதும் இதனாலேயே.

கரியமிலவாயு செல்லும் வேகத்தில் ஒரு கணக்கு உண்டு. அது முதலில் விரைந்தும் போகப்போக மெதுவாகவும் செல்லும். இருமடங்கு ஆழம் செல்ல அதற்கு நான்குமடங்கு காலம் வேண்டும். ஒரு காங்கிரீட்டில் பத்தாண்டில் ஒரு சென்டிமீட்டர் சென்றால், இரண்டு சென்டிமீட்டர் செல்ல நாற்பதாண்டு ஆகும். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நம் கொத்தனார்கள் செய்யும் பிழை விளங்கும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே இருக்கவேண்டிய கனத்தைப் பாதியாகக் குறைத்தால், கட்டடத்தின் காவல் காலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. கவர் பிளாக்கு என்னும் சிறு சிமெண்டுக் கட்டைகள் சில ரூபாய் பெறுமானமுள்ளவை. அவற்றை வைக்காமல், ஒரு ஜல்லியைக் கம்பியின் கீழே செருகிவிட்டு வேலையை முடிக்கும் வழக்கம் எவ்வளவு செலவை உண்டாக்குகிறது என்பதை இதனால் அறியலாம்.

சன்ஷேடைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லவேண்டும். சுவரிலிருந்து ஒருபுறம் மட்டுமே பிடிப்புடன் நீண்டிருக்கும் பலகைக்கு முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டும். காங்கிரீட்டுப் போடும்பொழுது ஆட்கள் அதன்மேல் ஏறி மிதித்தால் கம்பி கீழே இறங்கிவிடும். இறங்காது மேலேயே நின்றாலும், மழைநீர் தேங்குவதும் வெயில் காய்வதும் அம்மேற்புறத்திலேதான். ஆகையால் சன்ஷேடின் மேற்பரப்புக்கு நீர் வடியும் சரிவும், நீர் உட்புகாத பூச்சும், அடிவிளிம்பில் நீர் சொட்டிவிழ ஒரு காடியும் இன்றியமையாதவை. நாமோ கீழிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்திற்கு வர்ணம் அடிக்கிறோம். மேற்பக்கத்தில் காக்கை கொண்டுவந்த அரசம் விதை முளைத்து நிற்கிறது.

அடையாற்றின் முகத்துவாரத்தில் உடைந்த பாலம் ஒன்று நிற்பதைச் சென்னை சென்றோர் பலர் பார்த்திருக்கலாம். 1977ஆம் ஆண்டில் ஆற்று வேகத்தால் அதன் ஒரு பகுதி போயிற்று. அதை உப்புக்காற்றின் வேலைக்கு உதாரணமாகச் சொல்வோர் உண்டு; அது தவறு. அது வீழ்ந்தது வெள்ளத்தால், பூச்சின்மையால் அன்று. பூச்சு விற்பவர்களின் பேச்சில் இத்தகைய உதாரணங்கள் தாராளமாக வரும் என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

மயிலாப்பூரில் மாடவீதிகளை அடுத்து எஞ்சியுள்ள சில பழைய வீடுகளில் இன்னும் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. அது சென்னைச் சுண்ணப்பூச்சு. கடற்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நுண்ணிதாக அரைத்து, பல படலங்களாக ஏற்றி, மேற்படலத்தில் முட்டை வெண்கரு, தயிர், நெய் முதலியன சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவர். அந்நாளில் வந்த ஐரோப்பிய யாத்ரீகர் பலர் இதைச் சலவைக்கல்லென்றே எண்ணி மயங்கினர். வீட்டின் மேல்தளமும் அவ்வாறே. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கோணமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாயமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவர். தட்டுந்தோறும் துளைகள் அடைந்து பரப்பு இறுகும். பின்னரே தட்டோடு பதிப்பர். அக்கொத்தனார்களுக்கு மேற்பரப்பு என்பது வேலை முடிந்தபின் வாங்கிவந்து தடவும் பொருளன்று. வேலையின் பெரும்பகுதியே அதுதான்.

நம் வீடுகளிலும் அப்படியே. மண்தரையைச் சாணமிட்டு மெழுகுவது வெள்ளிதோறும் நடந்தது. ஒருமுறை மெழுகிவிட்டோம், இனி ஆயுளுக்கும் போதும் என்று எந்தக் குடும்பத்துப் பெண்ணும் எண்ணியதில்லை. கூரைக்கு ஆண்டுதோறும் கீற்று மாற்றினோம். காங்கிரீட்டு வந்தபின், கொட்டிவிட்டால் மறந்துவிடலாம் என்னும் எண்ணமும் உடன் வந்துவிட்டது. கல்லைப்போல் இருப்பதால் கல்லென்றே நினைத்துவிட்டோம்.

பழமையைப் புகழ்ந்து அத்துடன் நிற்பவன் நான் அல்லன். சுண்ணப்பூச்சுக் காத்தது செங்கல்லையும் மரத்தையும். அதனுள் இரும்புக் கம்பி இருந்ததில்லை. ஆகையால் பழைய முறையை அப்படியே இன்றைய தொட்டிக்குப் பூசிவிட்டால் போதும் என்று சொல்வதற்கில்லை. வீட்டின் மேல்தளத்திற்கும் வெளிச்சுவருக்கும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பது இன்றும் மலிவான, நல்ல காரியமே. வெயிலைத் திருப்பி அனுப்பித் தளத்தின் சூட்டைத் தணிக்கும். ஆனால் ஒட்டுவதற்காகச் சிலர் அதில் கல்லுப்பைக் கரைத்துச் சேர்ப்பதுண்டு. கம்பி போட்ட காங்கிரீட்டின்மேல் இது கூடவே கூடாது. கஞ்சியோ கோந்தோ சேர்த்துக்கொள்ளலாம்.

இனி என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. கடலோரக் கிராமமொன்றில் மிராசுதார் ஒருவர் நெல் வைப்பதற்கென்று தளம் போட்ட அறை ஒன்று கட்டினார். மூன்றாம் ஆண்டிலேயே தளத்தின் அடியில் பழுப்புநிறக் கறைகள் தோன்றின. என்னைக் கேட்டார். நானும் நகரத்துக் கடையொன்றில் கேட்டறிந்து, நல்ல பூச்சு ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவரும் கணிசமான தொகை செலவிட்டு மேலும் கீழும் பூசினார். இரண்டு மழைக்காலம் சென்றபின் பூச்சு, காங்கிரீட்டுப் பாளங்களையும் உடன் கொண்டு உரிந்து விழுந்தது. அப்பொழுதுதான் நான் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்: கலவைக்கு எந்தத் தண்ணீர்? அவருடைய கிணற்றுத் தண்ணீர்தான். அந்நீரில் தென்னையைத் தவிர வேறெதுவும் செழித்ததில்லை என்பது எனக்கு முன்னரே தெரியும். அவருக்குப் பயிர் யோசனை சொன்னவனே நான்தான். பயிருக்கு ஆகாத நீர் கம்பிக்கும் ஆகாது என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை.

இதைக் குறித்து நம் நாட்டுத் தர நிர்ணயம் தெளிவாகவே கூறுகிறது. 456ஆம் எண்ணுள்ள இந்தியத் தரநிலையின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கம்பியிட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குமேல் குளோரைடு இருத்தலாகாது. கம்பியில்லாக் காங்கிரீட்டுக்கு 2,000 வரை இடமுண்டு. ஆகவே உவர்நீரையே நம்பியிருப்பவர்கள் கம்பியில்லாத களத்துக்கு அதைக் கொள்ளலாம். தளத்துக்கும் தூணுக்கும் தொட்டிக்கும் கொள்ளலாகாது. ஏறக்குறைய 250 மில்லிகிராம் அளவிலேயே நாவுக்குக் கரிப்புத் தெரியத் தொடங்கும். நன்றாகக் கரிக்கும் நீரைச் சோதிக்காமல் கலவையில் விடவேண்டா. நம் இலாகாவின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் சோதித்துக் கொடுக்கிறார்கள். பயிருக்காக வாங்கிய அந்தச் சீட்டைக் கட்டட வேலைக்கும் எடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கடல் மணலைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை; அதைத் தொடவே கூடாது. கலவையோடு உள்ளே போய்விட்ட உப்பை எந்தப் பூச்சும் வெளியே எடுக்காது. வெளியிலிருந்து வரும் பகைவனைத் தடுக்கக் கதவைச் சார்த்தலாம். திருடன் உள்ளே இருக்கையில் சார்த்தி என்ன பயன்?

நீராற்றுதல், அதாவது கொத்தனார்கள் கியூரிங் என்பது, பூச்சுகளிலெல்லாம் மலிவானது என்று நான் சொல்வதுண்டு. சாதாரணச் சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், வறண்ட வெப்பக் காலத்தில் 10 நாளும் பரப்பு ஈரம் காயாதிருக்கவேண்டும். இப்பொழுது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டு. அதற்குக் குறைந்தது 10 நாள், கூடுமானால் 14 நாள் வேண்டும். காலையில் ஒரு குடமும் மாலையில் ஒரு குடமும் ஊற்றுவது நீராற்றுதல் ஆகாது. இடையில் காய்ந்த பரப்பு துளைகளை வாய்திறந்து வைத்துக்கொள்ளும். சாக்கையோ வைக்கோலையோ பரப்பி நனைத்து வைக்கலாம். தளமாயின் களிமண்ணால் சிறு பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். பாத்தி கட்டுவது நமக்குச் சொல்லித் தரவேண்டிய வித்தையா? நாற்றங்காலுக்குக் காட்டும் கவனத்தில் பாதியை இதற்குக் காட்டினால், பின்னர் வாங்கும் டப்பாக்களில் பாதி தேவைப்படாது.

இவ்வளவும் சரியாய்ச் செய்தபின் பூச்சுக்கு வருவோம். கடைகளில் பெயர்கள் நூறு இருந்தாலும் இனங்கள் மூன்றுதான். முதலாவது, பரப்பினுள் சில மில்லிமீட்டர் ஊறிச்சென்று துளையின் சுவர்களில் நீர் ஒட்டாதபடி செய்வது; சிலேன், சிலாக்சேன் என்பவை இவ்வினம். பலாப்பழம் அறுப்பவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதுபோல இது. துளை அடைபடுவதில்லை, நீர் ஒட்டுவதில்லை. பார்வைக்கு ஏதும் பூசியதாகவே தெரியாது. கடற்காற்றில் நிற்கும் சுவருக்கும் தூணுக்கும் இது நன்று. ஆனால் நீர் தேங்கி அழுத்துமிடத்தில் பயன்படாது, கரியமிலவாயுவையும் தடுக்காது. இரண்டாவது, துளைகளை அடைப்பது. சோடியம் சிலிகேட்டு என்னும் திரவம் காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புடன் கூடிக் கடினமான பொருளாகித் துளையை நிரப்பும். தூசி கிளம்பும் கிடங்குத் தரைக்கு உகந்தது. மூன்றாவது, மேலே ஏடாகப் படிவது. அக்ரிலிக், எபாக்சி, பாலியூரித்தேன், தார் வகைகள், பாலிமர் கலந்த சிமெண்டுக் குழம்பு ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாம் இனத்திலேதான் ஏமாற்றம் மிகுதி. எபாக்சி மிக உறுதியானது. ஆனால் வெயிலில் மங்கி மாவாகும். ஆகையால் அது உட்புறத் தரைக்கு உரியது, மொட்டைமாடிக்கு அன்று. வெளிச்சுவருக்கு அக்ரிலிக் தகும். மண்ணில் புதையும் அஸ்திவாரத்திற்கும் தொட்டியின் வெளிப்புறத்திற்கும் தார் தகும். குடிநீர்த் தொட்டியின் உட்புறத்தில் நிலக்கரித் தாரைப் பூசவே கூடாது. அதிலுள்ள சில பொருள்கள் புற்றுநோய் விளைப்பவை. அங்கே பாலிமர் சிமெண்டுக் குழம்போ, குடிநீருக்கென்றே சான்று பெற்ற எபாக்சியோதான் பூசவேண்டும். நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் பூசவேண்டும் என்பது பொதுவிதி. நீரில்லாத மறுபக்கத்தில் பூசினால், உள்ளே ஊறிவரும் நீர் ஏட்டைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். தியாகராய நகரில் சில வீடுகளின் அடிச்சுவரில் ஆண்டுதோறும் வர்ணம் உரிவதைக் கண்டிருக்கிறேன். அந்நகர்ப்பகுதி 1920களில் பழைய நெடிய ஏரியொன்றின் படுகையில் அமைக்கப்பட்டது. (ஏரியைத் தூர்த்து வீடு கட்டியது தகுமா என்பது இவ்வேட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டுவதன்று.) நிலத்தின் ஈரம் கீழிருந்து சுவரில் ஏறுகையில் மேலே உயர்ந்த விலை வர்ணம் பூசுவதால் வர்ணக்கடைக்கே லாபம்.

புதுக் காங்கிரீட்டின்மேல் ஏட்டுப்பூச்சைக் குறைந்தது நான்கு வாரம் கழித்தே பூசவேண்டும். அப்பொழுதும் ஈரம் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒன்றரையடிச் சதுரப் பாலித்தீன் தாளைப் பரப்பின்மேல் விரித்து, நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவால் அடைத்து, ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் விட்டுவிடுக. எடுத்துப் பார்க்கையில் அடியில் நீர் வியர்த்திருந்தால் பூசும் நாளைத் தள்ளிப்போடுக.

நம் தொழிலுக்கே உரிய பகைகள் சில உள்ளன. நகரத்துப் பொறியாளர்கள் இவற்றை நினைப்பதில்லை. அம்மோனியம் சல்பேட்டு முதலிய உரங்கள் ஈரத்தரையில் சிந்தினால், காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து வாங்கிக்கொண்டு அம்மோனியாவை வெளிவிடும். சல்பேட்டு பின்னர் உள்ளே புதுப்பொருளாகி வீங்கித் தரையைப் பிளக்கும். உரமூட்டைகளை மரச்சட்டத்தின்மேல் அடுக்குவது உரத்துக்கு மட்டுமின்றித் தரைக்கும் நல்லது. கரும்பாலைக் கொட்டகையில் பாகு சிந்தும் தரை சில ஆண்டுகளில் ஜல்லி தெரிய அரித்துப்போவதைக் கரும்பு விவசாயிகள் அறிவர். சர்க்கரையும் சுண்ணாம்பைப் பிணைத்துக் கரைப்பதே. பதனப் பசுந்தீவனக் குழியில் ஊறும் புளிப்புச் சாறும் சிமெண்டைத் தின்னும். இம்மூன்று இடங்களிலும் பூச்சு ஆடம்பரமன்று, தேவையே. தொழுவத்தில் மூத்திரம் தேங்காத சரிவு இருந்தால் பூச்சில்லாமலே பல்லாண்டு ஓடும். 1984இல் வந்த தீனபந்து முறைச் சாண எரிவாயுக் கலத்தில், குவிமாடத்தின் உட்பூச்சு வாயு கசியாதிருப்பதற்கே இன்றியமையாதது. அதில் சிக்கனம் செய்தவர்கள் பின்னர் அடுப்பு எரியவில்லை என்று நம்மிடம் வந்து முறையிடுகிறார்கள்.

இனி ஊராட்சித் தலைவர்களையும் கிராம நிர்வாக அலுவலர்களையும் நோக்கிச் சில சொற்கள். ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு வர்ணம் அடிப்பது பெரும்பாலும் ஏதேனுமொரு விழாவையோ வருகையையோ ஒட்டியே நடக்கிறது. தூண்களில் விழுந்த வெடிப்புகளைச் சாந்தால் மூடி, அதன்மேல் நீலமும் வெள்ளையுமாகப் பூசிவிடுகிறார்கள். பார்வைக்குத் தொட்டி புதிதாகிறது. உள்ளே கம்பி முன்போலவே தேய்கிறது. வெடிப்பு என்னும் எச்சரிக்கையை மட்டும் நாமே அழித்துவிட்டோம். இதைத்தான் தொடக்கத்தில், நன்மையினும் தீமை அதிகம் என்றேன். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பவுடர் பூசிப் பள்ளிக்கு அனுப்புவதை ஒக்கும் இது. அத்தொட்டியின் அடியிலேதான் நம் பெண்கள் குடத்துடன் நிற்கிறார்கள். பிள்ளைகள் நிழலுக்கு விளையாடுகிறார்கள்.

துருவால் வெடித்த இடத்தைச் சீர்செய்யும் முறை வேறு. பெயர்ந்த பாகத்தைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுக்கவேண்டும். கம்பியைப் பளபளப்பாகத் தேய்த்துத் துருநீக்கி, அதற்குரிய காப்புப்பூச்சை இட்டு, பாலிமர் சாந்தால் நிரப்பி, நீராற்றி, அதன்பின்னரே மேற்பூச்சு. கம்பிக்கே பூசும் சிமெண்டுக் குழம்புப் பூச்சு முறையைக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கின்றனர். புதுவேலைக்கு அதைக் கேட்டுப் பெறலாம். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கொத்தனாரை அழைக்கவேண்டா, பொறியாளரை அழைக்கவேண்டும்.

செலவுக்குப் பணமேது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே, சிறு நிலக்காரர் எபாக்சி வாங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கவர் பிளாக்கு, நல்ல நீர், பதினான்கு நாள் சாக்கு நனைத்தல், நீர் வடியும் சரிவு ஆகிய நான்கும் ஏறக்குறையச் செலவில்லாதவை. இவற்றைச் செய்தவர் உள்நாட்டில் பூச்சின்றியே நெடுங்காலம் இருக்கலாம். கடலோரத்தார்க்கு இவற்றுடன் பூச்சும் வேண்டும். மேற்படி தரநிலை, கடற்சூழலுக்கு நேரே வெளிப்பட்ட காங்கிரீட்டில் கம்பிக்குமேல் 45 மில்லிமீட்டர் கனம் கேட்கிறது. மிதமான உள்நாட்டுச் சூழலுக்கு 20 போதும் என்கிறது. கடலோர ஊராட்சிகளின் வேலைத்திட்டத்தில் உள்நாட்டு அளவே எழுதப்பட்டிருந்தால், கையெழுத்திடுமுன் ஒருமுறை கேளுங்கள். காங்கிரீட்டுப் போடும் நாளன்று ஓர் அளவுகோலுடன் போய் நின்று, கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளியை அளந்து, அதை அளவுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். கொட்டியபின் அளவுகோலால் அதை அளக்க இயலாது.

மற்றொரு யோசனையும் உண்டு. தொட்டியின் தூணில் அதைக் கழுவிய தேதி எழுத இடம் விட்டிருக்கிறோம். தூணையே பார்த்த தேதி எழுத இடம் விடவில்லை. ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில், சிறு சுத்தியலால் தூண்களையும் சன்ஷேடுகளையும் தட்டிப்பார்த்து, பொத்தென்று ஒலிக்கும் இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டு, குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஐயமான இடத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து, புதிதாய் உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பாகம் இளஞ்சிவப்பாகும். காரம் போன பாகம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பிவரை சென்றிருந்தால் காவல் போயிற்று என்று அறியலாம். இக்கரைசல் மேல்நிலைப்பள்ளி இரசாயனக் கூடத்தில் இருப்பதே. ஆசிரியரைக் கேட்டால் மாணவர்களுடன் வந்து செய்து காட்டுவார். அக்குறிப்பை மார்ச்சு 22ஆம் தேதிக் கிராம சபையில் உரக்க வாசித்து, எந்தத் தூணுக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பதைச் சபையிலேயே தீர்மானிக்கலாம். என் எல்லையிலுள்ள ஊராட்சிகளில் எவரேனும் வரும் தை மாதத்தில் இதைத் தொடங்குவதாயின் எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். சுத்தியலுடன் நானும் வருகிறேன்.